அசைவதை மட்டும் காணும் கண்

வியாழன், மாலை 6.40.

இருட்டறையின் முன் வந்து நின்றபோது அமானோ மிசுஹோவின் கையில் இரண்டு சோற்று உருண்டைகள் இருந்தன. தம்பி யோசுகே மதியம் சாப்பிட வரவில்லை. மூன்று மணிக் கூட்டத்துக்கும் வரவில்லை. யாரும் தேடவில்லை. இருட்டறைக்குள் இருப்பவனைத் தேடிப் போய்க் கதவைத் திறந்தால் அவன் மூன்று மாத வேலை வெளிச்சம் பட்டு வீணாகும். அதனால் அக்காவும் தம்பியும் வேலை செய்யும் அந்த நிறுவனத்தில் யாரும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை.

வாசலில் அவனுடைய நீலச் செருப்புகள் நுனி வெளிப்பக்கம் பார்த்தபடி ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. இடது செருப்பின் ஓரம் மடங்கி நசுங்கியிருந்தது. அதற்கு மேலே கொக்கியில் அவன் கோட்டு. கோட்டுக்கு அருகில் மாதாந்திரப் பாதுகாப்புச் சோதனைத் தாள். கட்டத்துக்கு ஒன்றாக அவளுடைய சிவப்பு முத்திரைகள்.

"யோசுகே, உள்ள வரேன்டா. எதையாவது திறந்து வெச்சிருந்தா மூடிக்கோ. அப்புறம் என்னைத் திட்டாத."

வெளிக்கதவைத் திறந்து, உள்ளே போய், அதை மூடினாள். வெளிக்கதவு முழுக்க மூடினால்தான் உள்கதவின் பூட்டு விடும். விட்டது. உள்கதவைத் தள்ளினாள். ஏதோ தடுத்தது. மறுபடி தள்ளினாள்.

கதவுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி அவன் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கை சில்லிட்டிருந்தது.

விளக்கைப் போட்டாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, ஆளைக் கூப்பிட வெளியே ஓடும்போது, சுவரிலிருந்த அவசரப் பொத்தானின் கண்ணாடி மூடி தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். ஆறு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் அதைக் கீழே தள்ளி மூடியது.

இரவு எட்டு மணிக்குள் எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. ஆஸ்துமா. மூச்சு முட்டி மரணம். நேரம் மதியம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். காயம் இல்லை. கதவுகளில் கோளாறு இல்லை. இன்ஹேலர் வெளியே கோட்டுப் பையில் இருந்தது. நூலிழை பறக்கும் என்பதால் கோட்டோடு உள்ளே போகக் கூடாது.

ஹமாமட்சு காவல் நிலையத்தின் சார்ஜென்ட் நோசுவே முகமூடிக்குள்ளேயே இரண்டு முறை தும்மினார்.

"தேவதாரு மகரந்தம். பிப்ரவரி வந்தா செத்தவனுக்குத்தான் நிம்மதி." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க, அமானோ சான். வாய்க்கொழுப்பு."

"பரவால்ல. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கதவு பூட்டல. மருந்து பத்தடி தூரத்துல. அவன் ஏன் வெளிய வரல?"

நோசுவே பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். யோசுகேயின் கோட்டில் கிடைத்தது. வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரே எண்: 120. 120. 120.

"இது என்னன்னு தெரியுதா?"

"நாடியா இருக்கும். மூச்சு முட்டினா அவனுக்கு நூத்திருபது அடிக்கும்."

"அப்போ கொஞ்ச நாளாவே உடம்பு சரியில்ல. அப்படியும் மருந்த வெளிய வெச்சுட்டுப் போயிருக்காரு." குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்லூரியில் தோற்ற வருடம், இன்ஹேலரை வேண்டுமென்றே குப்பையில் போட்டுவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தவன் அவன். அவள்தான் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துச் சொன்னான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினானா, இல்லையா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

திங்கள், காலை 10.15.

எலும்பும் சாம்பலும் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் வீட்டுக்கு வந்துவிட்டன. நோசுவே கடைசித் தாளில் கையெழுத்து வாங்க வந்திருந்தார். அப்போதுதான் குரெபயாஷியும் வந்தான். யோசுகேயின் மேலதிகாரி. நாற்பத்தைந்து வயது, நறுக்கிய முடி, அழுது வீங்கிய கண்.

வாசலில் காலணியைக் கழற்றியவன் குனிந்து அதைத் திருப்பி வைத்தான். பக்கத்தில் ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமுமாகக் கிடந்த நோசுவேயின் காலணியையும் எடுத்து, நுனி வாசலைப் பார்க்க, ஒட்டி வைத்தான்.

"அய்யோ, விடுங்க சார். என் பொண்டாட்டியே அதுக்கெல்லாம் குனியறதில்ல."

"பழக்கம். அப்பா ஏரிக்கரையில வெந்நீர் விடுதி வெச்சிருந்தாரு. வர்ற விருந்தாளி செருப்பத் திருப்பி வெச்சே வளர்ந்தவன். என்னை அறியாமலே கை போயிடும்."

ஊதுவத்தி ஏற்றினான். படத்தின் முன் வெகுநேரம் தலை வணங்கினான்.

"அன்னிக்கு நான் இங்க இருந்திருந்தா..." என்றான். "வியாழக்கிழமை நமாசு கிடங்குச் சோதனை. பதினோரு மணிக்கே காரை எடுத்துட்டேன். இங்கிருந்து ரெண்டு மணி நேரம். ஒண்ணே முக்கால்லேர்ந்து மூணு வரைக்கும் அங்க நம்ம இயந்திரக் கண்ணை ஓடவிட்டுப் பதிவு பண்ணிட்டு இருந்தேன். எனக்கு எதுவுமே தெரியாது, அமானோ சான்."

"நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள் மிசுஹோ. "தேநீர் குடிங்க."

அவன் போன பிறகு நோசுவே தன் காலணியைப் பார்த்தபடி நின்றார். "நல்ல மனுஷன். எங்க ஸ்டேஷன்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா வாசல் உருப்படும்."

யோசுகேயின் காலணிகளை முப்பது வருடமாக அவள்தான் திருப்பி வைத்திருக்கிறாள். உதறிவிட்டுப் போவான். ஒன்று வாசலில் கிடந்தால் இன்னொன்று கூடத்தில் கிடக்கும்.

புதன், காலை 9.05.

வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் அந்தப் பெட்டியின் எதிரே உட்கார முடியவில்லை.

அவள் வேலை கண்களைச் சோதிப்பது. அந்த நிறுவனம் இயந்திரங்களுக்குக் கண் செய்தது. சாதாரணக் கேமரா நொடிக்கு முப்பது படம் எடுத்துக் குவிக்கும். இங்கே செய்யும் கணினிச் சில்லு நம் கண்ணும் மூளையும் சேர்ந்து செய்வதைச் செய்யும். ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் வெளிச்சம் மாறினால் மட்டும் பேசும். மாறாவிட்டால் வாய் மூடிக் கிடக்கும். எதிரே மலையே நின்றாலும் அது அசையாவிட்டால் அந்தக் கண்ணுக்கு மலை இல்லை. ஒரு விரல் அசைந்தால் போதும், அந்த விரல் மட்டும் இருட்டில் கோடாக எரியும். கிடங்குகளில் சரக்கு தூக்கும் ஆளில்லா வண்டிகளுக்கு அதைப் பொருத்தப் போகிறார்கள். குறுக்கே ஆள் வந்தால் வண்டி நிற்க வேண்டும்.

மற்றவர்களின் கணினிகளில் வடிகட்டி என்று ஒரு நிரல் ஓடும். விளக்கின் துடிப்பையும் அற்பமான நடுக்கங்களையும் திரைக்கு வருமுன் துடைத்துவிடும். அவர்கள் சுத்தமான படத்தைத்தான் பார்ப்பார்கள். பதிவாகும் கோப்பில் மட்டும் எல்லாம் இருக்கும். மிசுஹோவின் கணினி பழையது. வடிகட்டி அதில் ஓடாது. படிப்பை முடிக்காதவளுக்கு இது போதும் என்று விட்டுவிட்டார்கள். கண் கண்டதை எல்லாம் அவள் அப்படியே பார்த்தாள்.

முதல் சில்லைப் பொருத்தினாள். தலைக்கு மேலே பழைய குழல் விளக்கு. திரை முழுவதும் மெல்லிய படபடப்பு. அதன் கீழே அன்றாடம் வரும் எண், ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போன எண்.

120.

அவள் கை நின்றது.

குழல் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதில்லை. மின்சாரத்தின் தாளத்துக்கு நொடிக்கு நூற்றிருபது தடவை அணைந்து எரிகிறது. மனிதக் கண் அதைத் தவறவிடும். இந்தக் கண் தவறவிடாது.

நோசுவே திருப்பிக் கொடுத்திருந்த யோசுகேயின் சீட்டிலிருந்த தேதிகளை நாட்காட்டியில் தேடினாள். எல்லாம் வியாழக்கிழமைகள். நமாசு நாட்கள்.

கிடங்குச் சோதனைக் கோப்புகள் பொதுக் கணினியில் இருந்தன. கடைசிக் கோப்பை, யோசுகே செத்த நாள் கோப்பை, தன் பழைய கணினியில் திறந்தாள். ஒரு தள்ளுவண்டி உருண்டது. குரெபயாஷி குறுக்கே நடந்தான். அவன் நின்றதும் மறைந்தான். திரையின் கீழே பார்த்தாள்.

பிறகு அவள் வடிகட்டாத அந்தப் பதிவைத் தொடர்ந்து பார்த்தாள். ஒன்று ஐம்பதிலிருந்து இரண்டு நாற்பது வரை. பார்த்து முடித்ததும் கழிவறைக்குப் போனாள். முகம் கழுவிக்கொண்டு நோசுவேக்குப் போன் செய்தாள்.

"சார், ரெண்டு காரியம். குரெபயாஷி சான் கார் நெடுஞ்சாலைச் சுங்கத்துல பதிவாயிருக்கான்னு பாருங்க. அப்புறம் நாளைக்கு மூணு மணிக்கு இருட்டறைக்கு வாங்க."

"கேஸ மூடிட்டேனே, அமானோ சான்."

"திறந்துக்கோங்க."

வியாழன், பிற்பகல் 3.00.

இருட்டறையின் பக்கத்து அறை ஒரு நீளமான சோதனைக் கூடம். நடுவில் ஒரே சுவர். மிசுஹோ தன் பழைய கணினியை அங்கே தூக்கி வந்திருந்தாள். நோசுவே சுவரோரம் தும்மிக்கொண்டு நின்றார். குரெபயாஷி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போன வியாழன் மதியம் எங்க இருந்தீங்க?"

"நமாசு. எத்தனை தடவை சொல்றது?"

"ஃபுஜி ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"ஆமா. நமாசு வேற எங்க இருக்கு?"

"எங்க அத்தை டோக்கியோலேர்ந்து குடி வந்தப்ப பழைய துணி துவைக்கிற மிஷினக் கொண்டு வந்தா. இங்க தாறுமாறா ஓடிச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் மின்சாரம் நொடிக்கு அம்பது. இந்தப் பக்கம் அறுபது." அவள் திரையைத் திருப்பினாள். "விளக்கு அதுல ரெண்டு மடங்கு துடிக்கும். நமாசுன்னா நூறு வரணும். உங்க பதிவுல என்ன வருதுன்னு படிங்க."

அவன் படிக்கவில்லை.

"நான் படிக்கிறேன்," என்றார் நோசுவே. "நூத்திருபது."

"விளக்கு வேற மாதிரி விளக்கா இருக்கும்," என்றான் குரெபயாஷி.

"ரெண்டு இடத்துலயும் இதே பழைய குழல் விளக்கு. சோதனை விதியே அதுதான். நீங்க எழுதின விதி. எட்டு மாசக் கோப்பும் பார்த்தேன். முதல் அஞ்சு வியாழன் நூறு. அதுக்கப்புறம் எல்லாமே நூத்திருபது. யோசுகே சீட்டுல இருந்த அதே தேதிகள். உங்களுக்கு வடிகட்டின படத்தப் பார்த்தே பழகிப்போச்சு. விளக்கு துடிக்குதுங்கிறதே மறந்துபோச்சு."

"சுங்கச் சாவடியிலயும் உங்க வண்டி இல்ல," என்றார் நோசுவே. "ஏழு மாசமா."

குரெபயாஷி கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"எங்கப்பா," என்றான் குரெபயாஷி கடைசியில். "பக்கவாதம். விடுதி போச்சு. வியாழக்கிழமைதான் ஆஸ்பத்திரியில பக்கத்துல இருக்க விடுவாங்க. காலையிலேர்ந்து மதியம் வரைக்கும். மூணு தடவை நாள மாத்தச் சொல்லிக் கேட்டேன். தலைவர் மாத்தல. சரி, கிடங்கு மாதிரியே இந்தக் கூடம் இங்க இருக்கேன்னு... பொய்தான். ஒத்துக்கறேன். ஆனா பொய்க்கும் அவன் சாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"அன்னிக்கு மூணு மணிக்கு வாடிக்கையாளரோட கூட்டம். நமாசுல சோதிச்சதுன்னு சொல்லி அன்னிக்குத்தான் கையெழுத்து. அஞ்சு வாரச் சோதனைய நம்பி ஆளுங்க நடமாடற எடத்துல வண்டிய விடப் போறாங்க. யோசுகே அதச் சொல்லப் போறான்னு உங்களுக்குத் தெரியும். அவன் உங்ககிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பான். அவன் அப்படித்தான்."

"மணி ரெண்டு ஆகறதுக்குள்ள அவன் உள்ள போயிட்டான். நான் அவனப் பார்க்கவே இல்ல."

"அவன் செருப்பப் பார்த்தீங்க."

மிசுஹோ நீலச் செருப்புகளைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"வெளிக்கதவு ஒரு விரக்கடை திறந்திருந்தாலும் உள்கதவு பூட்டிக்கும். வெளிச்சம் உள்ள போகக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சது. உள்ள இருக்கறவன அடைக்கச் சாவி வேண்டாம், தாழ்ப்பாள் வேண்டாம். வெளிக்கதவுல ஒரு செருப்பச் செருகினா போதும். இந்த ஓரத்தப் பாருங்க. கதவு கடிச்ச தடம். எல்லாம் முடிஞ்சப்புறம் எடுத்தீங்க. எடுத்து, திருப்பி, ஒட்டி வெச்சீங்க. என் தம்பி ஒரு நாளும் செருப்பத் திருப்பி வெச்சதில்ல. எங்க வீட்டு வாசல்ல இந்த சாரோட செருப்பத் திருப்பினீங்களே, அதே கை."

குரெபயாஷி செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் முழங்காலின் மேல் அசைந்தன. செருப்புகள் ஒழுங்காக இல்லை. ஒன்று சாய்ந்திருந்தது.

"ஒரு ரெண்டு மணி நேரம் தாமதப்படுத்தணும்னுதான்," என்றான். "கூட்டம் முடியற வரைக்கும். அவன் கோவமா தட்டறான்னு நெனச்சேன்."

"கேட்டுச்சா?" என்றார் நோசுவே.

"காதுல பாட்டு மாட்டிக்கிட்டேன்."

"இந்தக் கண்ணுக்குக் காது கிடையாது," என்றாள் மிசுஹோ. "ஆனா பாருங்க."

பதிவை ஓடவிட்டாள். இரண்டு மணி இரண்டு நிமிடம். குரெபயாஷி ஓரமாக உட்கார்ந்து மறைந்துபோனான். திரையில் விளக்கின் படபடப்பு மட்டும். திடீரென்று, ஒன்றுமில்லாத இருட்டில், மேசையின் விளிம்பும் சன்னல் சட்டமும் அலமாரியும் ஒரே நொடியில் கோடுகளாகப் பளிச்சிட்டு அணைந்தன. மறுபடி பளிச்சிட்டன. மறுபடி.

"என்ன இது? இதெல்லாம் அசையாத சாமானாச்சே," என்றார் நோசுவே.

"சாமான் அசையல. கண் அசைஞ்சது. கண்ணை மாட்டின முக்காலி இந்தச் சுவரை ஒட்டி நின்னுது. சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து யாராவது அடிச்சா கண் குலுங்கும். கண் குலுங்கினா உலகமே அசைஞ்ச மாதிரி அதுக்குத் தெரியும். வடிகட்டி இத அற்பம்னு துடைச்சிரும்."

அவள் எண்ணி வைத்திருந்தாள். முதலில் மூன்று மூன்றாக, பலமாக. பிறகு தாறுமாறாக. பிறகு இடைவெளி. பிறகு ஒன்று. பிறகு, தரைக்கு அருகிலிருந்து அடித்ததைப் போல, மேசைக் கால்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. இரண்டு மணி இருபத்தொரு நிமிடம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"பத்தொம்போது நிமிஷம்," என்றாள்.

குரெபயாஷி முகத்தை மூடிக்கொண்டான். மூடிய கைக்குள்ளிருந்து பேசினான்.

"உள்ள அவசரப் பொத்தான் இருக்கே. அமுக்கினா ரெண்டு கதவும் திறந்துடும். அவனுக்கு முடியலன்னா அமுக்குவான்னு நெனச்சேன். சத்தியமா. அமுக்காம தட்டறான்னா, மாதிரிகள் வீணாயிடும்னு பார்க்கறான், கோவத்துல தட்டறான், அவ்வளவுதான்னு நெனச்சேன். அது வேலை செய்யுதுன்னு மாசா மாசம் முத்திரை விழுந்திருக்கே. அத நம்பினேன்."

நோசுவே திரும்பினார். "அத அவர் அமுக்கலையா?"

மிசுஹோ எழுந்து இருட்டறைக்குள் போனாள். உள்கதவை முதலில் திறந்து வைத்துவிட்டு, வெளிக்கதவையும் விரியத் திறந்தாள். கண்ணாடி மூடியைத் தூக்கினாள். சிவப்புப் பொத்தானின் மேல் மெல்லிய தூசு. தூசுக்கு நடுவே கட்டைவிரல் தடம், ஒன்றின் மேல் ஒன்றாக.

அவள் அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மணி அடிக்கவில்லை. பூட்டு சொடுக்கவில்லை.

"நான் உள்ள வந்தப்ப மூடி திறந்திருந்துச்சு," என்றாள். "நான்தான் மூடினேன். பழக்கத்துல. உங்ககிட்ட சொல்லணும்னுகூடத் தோணல."

"சோதனை பண்றது யாரு?"

"அமுக்கிப் பார்த்தா கதவு திறந்துடும். வெளிச்சம் உள்ள போயிடும். அன்னிக்கு வெச்சிருக்கறதெல்லாம் வீண். அதனால யாரும் அமுக்கிப் பார்க்கறதில்ல. மூடி இருக்கான்னு பார்ப்பாங்க. விரல நீட்டி 'பொத்தான், சரி'ன்னு சத்தமா சொல்லுவாங்க. முத்திரை குத்துவாங்க."

சுவரிலிருந்த தாளைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். பிறகு மேலங்கிப் பையிலிருந்து சின்ன மர முத்திரையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

நோசுவே தாளையும் முத்திரையையும் பார்த்தார். பேனாவைத் திறந்தவர் எழுதவில்லை.

"உங்க தம்பி சாகணும்னு நெனக்கல, அமானோ சான்," என்றார் மெதுவாக. "அதத்தானே தெரிஞ்சுக்கணும்னு கேட்டீங்க. கடைசி வரைக்கும் வெளிய வரத்தான் பார்த்திருக்காரு."

"ஆமா. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டான்."

"இதை நான் எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதுங்க. ஆறு வருஷம். எழுபத்திரண்டு முத்திரை. எல்லாம் என்னோடது."

பக்கத்து அறையில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் குலுங்கவில்லை. மேசை இல்லை, சன்னல் இல்லை, அலமாரி இல்லை. விளக்கு மட்டும் நொடிக்கு நூற்றிருபது தடவை அணைந்து எரிந்தது. திரையின் மூலையில் மணி இரண்டு இருபத்திரண்டு.